டேஷ்கேம் திருடனை வரவழைக்குமா? கண்ணாடி உடையாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: காரில் டேஷ்கேம் (சாலையில் முன்னால் நடப்பதைப் பதியும் சிறு கேமரா) மாட்ட நினைக்கிறேன். வெளியிலிருந்து அது தெரிந்தால் அதற்காகவே கண்ணாடியை உடைத்துவிடுவார்கள் என்கிறார்கள். உண்மையா? அப்படியானால் எப்படித் தடுப்பது?

பதில்: ஓரளவு உண்மைதான். டேஷ்கேமுக்காகக் கண்ணாடி உடைவது நடக்கிறது. ஆனால் திருடனைத் தூண்டுவது பெரும்பாலும் அது மாட்டப்பட்டிருக்கும் விதம். முன்கண்ணாடியின் நடுவில், உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கப்பில் தொங்கும், பெரிய ஸ்கிரீன் உள்ள, வயர் ஊஞ்சலாடும் கேமரா ஒரு ரகம். ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, வயரே தெரியாமல் இருக்கும் கேமரா இன்னொரு ரகம். திருடன் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல. முதல் ரகத்தை மாட்டிவிட்டு இரவில் தெருவில் நிறுத்துவதாக இருந்தால், மாட்டாமல் இருப்பதே மேல் என்று சொல்வேன். இரண்டாவது ரகத்துக்கு அவ்வளவு பயப்படத் தேவையில்லை.

முதலில், காரையே திருடுபவன் வேறு, காருக்குள் இருப்பதைத் திருடுபவன் வேறு. காரைக் கொண்டுபோக வருபவனுக்கு டேஷ்கேம் ஒரு பொருட்டே இல்லை. உள்ளே ஏறியதும் வயரைப் பிடுங்கி வெளியே எறிந்துவிடுவான். அவனைத் தாமதப்படுத்துவது இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத அமைப்பு), ஸ்டீயரிங் பூட்டு, மறைவாக வைத்த கட்-ஆஃப் சுவிட்ச் போன்றவை. சாவி இல்லாமல் திறக்கும் கார் என்றால், வீட்டில் சாவியை சிக்னல் தடுக்கும் பையில் வைப்பதும் உதவும். அதற்கெல்லாம் டேஷ்கேம் மாற்று ஆகாது. இந்தப் பதில் முழுக்க இரண்டாவது ஆளைப் பற்றியது: நடந்து போகும்போது ஒவ்வொரு காருக்குள்ளும் மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்து, கைக்கு எட்டுவதை அரை நிமிடத்தில் எடுத்துக்கொண்டு போகிறவன்.

அவன் கணக்கு எளிமையானது. என்ன தெரிகிறது, எவ்வளவு வேகமாகக் கழற்றலாம், எங்கே விற்கலாம். வெளியே நிற்பவனுக்குக் கேமரா 4கே தரமா, சாதாரணமா என்பது தெரியாது. அவனுக்குத் தெரிவது அளவும் வடிவமும் மட்டுமே. மொபைல் போலச் செவ்வகமாக இருந்தால் அது டேஷ்கேமா, போனா, ஜிபிஎஸ் கருவியா என்றுகூட அவன் யோசிக்கமாட்டான், எதுவாக இருந்தாலும் விற்கும். ரப்பர் கப் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. கேமராவைக் கழற்றிவிட்டு வயரைத் தொங்கவிட்டுப் போனால், அல்லது கண்ணாடியில் ரப்பர் கப்பின் வட்டத் தழும்பு மட்டும் இருந்தால், அதைப் பார்ப்பவன் “கருவி இல்லை” என்று எடுத்துக்கொள்ளமாட்டான். “கருவி டேஷ்போர்டில் உள்ள கையுறைப் பெட்டியில் (குளோவ் பாக்ஸ்) இருக்கிறது” என்றுதான் எடுத்துக்கொள்வான். டேஷ்கேம் பரவுவதற்கு முன்பு, ஜிபிஎஸ் கருவிகள் திருட்டுப்போன காலத்திலிருந்தே சொல்லப்படும் எச்சரிக்கை இது. ஒன்று, முழுக்க மறையுங்கள். இல்லையென்றால் முழுக்கக் கழற்றுங்கள், தடயம் உட்பட. பாதி மறைத்து பாதி காட்டுவதில்தான் கண்ணாடி போகிறது.

வாங்கும்போதே இதை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். ஆப்பு வடிவத்தில் கண்ணாடியோடு ஒட்டி உட்காருபவை, உருளை வடிவில் லென்ஸ் மட்டும் முன்னால் நோக்குபவை, ஸ்கிரீனே இல்லாமல் போன் ஆப் வழியாக இயங்குபவை ஆகிய மூன்றும் மறைக்க ஏற்றவை. நிறம் கறுப்பாக இருக்கட்டும். வெள்ளி வளையமோ பளபளக்கும் பிராண்ட் பெயரோ இருந்தால் அதன் மேல் மங்கலான கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். டார்ச் வெளிச்சத்தில் முதலில் மின்னுவது அந்த வளையம்தான். ரியர் வியூ கண்ணாடியின் மேலேயே மாட்டும் வகை வெளியிலிருந்து அதிகம் தெரியாது, ஆனால் அதன் பெரிய ஸ்கிரீன் இரவில் ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைக்கும். ஒரே பெட்டியாக இல்லாமல் லென்ஸ் மட்டும் கண்ணாடியிலும், பதிவு செய்யும் பெட்டி சீட்டுக்கு அடியிலோ டேஷ்போர்டுக்குள்ளோ இருக்கும் வகையும் உண்டு. அதில் லென்ஸைப் பிடுங்கினாலும் மெமரி கார்டு உங்களிடமே இருக்கும்.

மாட்டும் இடம் ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால், பயணி இருக்கைப் பக்கமாக. ஓட்டுபவரின் பார்வைக்கு இடைஞ்சல் வராது, வெளியிலிருந்தும் கண்ணாடியின் தண்டோடு கலந்துவிடும். வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் லென்ஸ் இருக்க வேண்டும், இல்லையென்றால் மழையில் பதிவு கலங்கிவிடும். காரின் சொந்தக் கேமராவும் மழை சென்சாரும் அங்கேயே இருக்கும், அவற்றை மறைக்கக் கூடாது. முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் இருக்கிறதே, அதன்மேல் டேப் சரியாகப் பிடிக்காது. வெறும் கண்ணாடியில் ஒட்டுங்கள்.

ஒட்டுவதில் அவசரம் கூடாது. ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் இடத்தைத் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். டேஷ்போர்டு பாலிஷும் கண்ணாடி கிளீனரும் விட்டுச்செல்லும் மெல்லிய படலம்தான் டேப் பிற்பாடு உரிந்து விழுவதற்கு முக்கியக் காரணம். இருபக்க ஃபோம் டேப்பைக் குளிர்ந்த கண்ணாடியில் ஒட்டாதீர்கள், 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் நல்லது. பிராக்கெட்டை மட்டும் ஒட்டி அரை நிமிடம் நன்றாக அழுத்திவிட்டு, ஒரு நாள் கழித்துக் கேமராவை மாட்டுங்கள். இந்த வகை டேப் முழுப் பிடிப்பை அடைய ஏறத்தாழ 72 மணி நேரம் ஆகும், முதல் 24 மணியிலேயே பெரும்பகுதி வந்துவிடும். ஒட்டிய அன்றே மாட்டி, மறுநாள் வெயிலில் கேமரா கீழே விழுந்து கிடந்தால் டேப்பைக் குறை சொல்வதில் பயனில்லை.

அடுத்தது வயர். மறைப்பு வேலையில் பாதி இதில்தான் இருக்கிறது. கேமராவிலிருந்து மேலே போய்க் கூரைத் துணியின் விளிம்புக்குள் வயரைப் பிளாஸ்டிக் நெம்பியால் செருகுங்கள். அங்கிருந்து பக்கவாட்டில் ஏ பில்லர் (முன்கண்ணாடிக்கும் முன்கதவுக்கும் நடுவே உள்ள தூண்) வரை, பிறகு கதவு ரப்பர் பீடிங்குக்குள் நுழைத்துக் கீழே ஃபியூஸ் பாக்ஸ் வரை. ஏ பில்லரில் திரை ஏர்பேக் (பக்கக் கண்ணாடியை மூடித் திரைபோல விரியும் ஏர்பேக்) இருந்தால், வயர் அதற்குப் பின்னால் போக வேண்டும். முன்னால் குறுக்கே போனால், ஏர்பேக் விரியும்போது வயரும் பில்லர் மூடியும் பயணியின் முகத்தை நோக்கி வரும். இந்த ஒரு விஷயத்தில் சந்தேகம் இருந்தால் நீங்களே செய்யாமல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

லைட்டர் சாக்கெட்டில் செருகி ஓட்டுவது எளிது, ஆனால் அந்த வயர் டேஷ்போர்டில் பாம்பு போல நெளிந்து தெரியும். பார்க்கிங் மோடும் (நிறுத்திய காரிலும் கேமரா காவல் காக்கும் முறை) பெரும்பாலும் கிடைக்காது, எஞ்சின் நின்றால் பல கார்களில் அந்த சாக்கெட்டும் நின்றுவிடும். அதனால் கேமராவை நேரடியாக ஃபியூஸ் பாக்ஸோடு இணைக்கும் ஹார்டுவயர் கிட் போடுவதே நல்லது. அதில் வழக்கமாக மூன்று வயர் இருக்கும்: எப்போதும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு ஒன்று (பெரும்பாலும் மஞ்சள்), சாவி போட்டால் மட்டும் வரும் ஃபியூஸுக்கு ஒன்று (சிவப்பு), எர்த்துக்கு ஒன்று (கறுப்பு). நிறத்தை மட்டும் நம்பாமல் கிட்டோடு வரும் தாளைப் பாருங்கள். முதல் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் கேமரா வேலை செய்வது போலவே இருக்கும், பார்க்கிங் மோட் மட்டும் வராது. எர்த்தைப் பெயின்ட் இல்லாத, காரின் உடலோடு சேர்ந்த உலோக போல்ட்டில் கட்டுங்கள்.

ஃபியூஸிலிருந்து மின்சாரம் எடுக்க ஃபியூஸ் டேப் (fuse tap, ஒட்டும் டேப் அல்ல) என்ற சிறு இணைப்பு கிடைக்கும். மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ என அளவுகள் வேறுபடும், உங்கள் ஃபியூஸ் பாக்ஸில் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பழைய ஃபியூஸ் அதன் ஒரு பள்ளத்தில், கேமராவுக்கான 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் இன்னொன்றில். இதைத் திருப்பிப் போட்டால் கேமராவின் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். சரிபார்க்க ஒரு வழி உண்டு: பழைய ஃபியூஸை டேப்பிலிருந்து எடுத்துவிட்டு, கேமராவின் ஃபியூஸை மட்டும் வைத்துச் செருகுங்கள். அந்தச் சுற்றில் மின்சாரம் இருக்கும்போது கேமரா உயிர்பெற்றால் திசை சரி. உயிர்பெறவில்லை என்றால் டேப்பைத் திருப்பிச் செருகுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கன்ட்ரோல் ஃபியூஸ்களைத் தொடவே வேண்டாம்.

பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. பார்க்கிங் மோடில் ஒரு கேமரா சுமார் 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று நாளில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். இதற்காகத்தான் கிட்டில் கட்-ஆஃப் வோல்டேஜ் இருக்கிறது: பேட்டரி அந்த அளவுக்கு இறங்கியதும் கேமராவுக்கு மின்சாரம் நிற்கும். முழு சார்ஜில் உள்ள சாதாரண பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2-க்கு வந்தால் பாதிதான் மீதி. புதிய பேட்டரிக்கு 12.0, பழையதற்கும் குளிர்ப் பகுதிக்கும் 12.2 அல்லது அதற்கு மேல் வையுங்கள். 11.6, 11.8 என்ற தேர்வுகளும் சில கிட்டில் இருக்கும், அவற்றை வைத்தால் என்றாவது ஒரு காலையில் கார் ஸ்டார்ட் ஆகாது. குறைந்த தூரம் மட்டுமே ஓடும் கார் என்றால் பார்க்கிங் மோடுக்கு நேர வரம்பும் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி நிரம்ப ஓட்டம் வேண்டும்.

இனி கேமராவின் மெனுவில் மாற்ற வேண்டியவை. ஸ்கிரீன் 30 விநாடி அல்லது 1 நிமிடத்தில் அணையட்டும். வைஃபை தேவைப்படும்போது மட்டும் இயங்கட்டும்: பல கேமராக்கள் தங்கள் மாடல் பெயரையே வைஃபை பெயராக ஒளிபரப்பும், பக்கத்தில் போனை எடுத்துப் பார்ப்பவருக்கு எந்தக் காரில் என்ன இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். தொழிற்சாலைக் கடவுச்சொல் பல மாடல்களில் 12345678 போல எல்லோருக்கும் தெரிந்ததுதான், முதல் நாளே மாற்றிவிடுங்கள். மினுக்கும் எல்இடி பற்றி இரண்டு கருத்து உண்டு. பதிவாகிறது என்று தெரிந்தால் உரசுபவனும் கோடு கிழிப்பவனும் தயங்குவார்கள், அது உண்மை. ஆனால் இருட்டான தெருவில் அதே வெளிச்சம் உள்ளே கருவி இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது. ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள நிறுத்துமிடத்தில் எரியட்டும், தெருவோரத்தில் இரவு முழுக்க நிற்கும் காரில் அணைத்துவிடுங்கள் என்பது என் முடிவு.

மறைத்து மாட்ட வழியில்லை, அல்லது திருட்டு அதிகமுள்ள இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது என்றால் கழற்றி எடுத்துப்போவதே நிச்சயமான வழி. இதற்குக் காந்த மவுண்ட் உள்ள மாடலாக வாங்குங்கள், மின்சாரமும் மவுண்ட் வழியாகவே வருவதாக இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு நாளும் யூஎஸ்பி பின்னைக் கேமராவிலிருந்து பிடுங்கிச் செருகினால் அந்தத் துளை சில மாதங்களில் தளர்ந்து, ஓடும்போதே பதிவு நின்றுவிடும். சாவியை அணைத்த பிறகு 10 விநாடி பொறுத்து, விளக்கு அணைந்ததும் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் அந்த நேரத்தில்தான் கடைசிக் கோப்பை மூடுகிறது, உடனே கார்டைப் பிடுங்கினால் கடைசிக் காட்சிதான் கெட்டுப்போகும். கழற்றியதைக் கையுறைப் பெட்டியில் வைக்காதீர்கள், கதவைத் திறந்ததும் கை போகும் முதல் இடம் அது. போதாததற்கு, வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டுவது சகஜம். லித்தியம் பேட்டரி உள்ள கேமரா அந்தச் சூட்டில் உப்பிப்போகும். காரிலேயே விடப்போகும் கேமரா, பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர் உள்ள வகையாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கழற்றிய பின் தொங்கும் வயர் நுனியைக் கூரைத் துணிக்குள் செருகிவிடுங்கள். ரப்பர் கப் தழும்பை ஈரத் துணியால் துடையுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது.

திருட்டு நடந்தால் கேமரா எதைப் பிடிக்கும் என்பதில் பலர் அதிகம் எதிர்பார்க்கிறார்கள். முன்கேமரா முன்னால்தான் பார்க்கும். திருடன் உடைப்பது பக்கக் கண்ணாடியை: முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் உள்ளது, விரிசல் விட்டாலும் பிடித்துக்கொள்ளும். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு, ஒரே அடியில் மணிமணியாகக் கொட்டிவிடும். அந்த ஆளின் முகம் வேண்டுமென்றால் உள்பக்கம் பார்க்கும் அகச்சிவப்புக் கேமரா வேண்டும். அகச்சிவப்பு எல்இடிகளில் 850 நானோமீட்டர் வகை இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியும், 940 வகை கண்ணுக்குத் தெரியாது. மறைத்து வைக்க நினைப்பவர் பின்னதைத் தேடுங்கள். கண்ணாடி உடையும் அதிர்வு சிறியது, அதிர்வை மட்டும் நம்பும் பார்க்கிங் மோட் விழிக்காமலே போகலாம். அதிர்வு சென்சாரை மிகக் கூர்மையாக வைத்தாலோ, லாரி போனால், காற்றடித்தால் எல்லாம் அழியாதபடி பூட்டிய கோப்புகள் சேர்ந்து கார்டு நிரம்பிவிடும். விநாடிக்கு ஒரு படம் வீதம் இடைவிடாமல் எடுக்கும் டைம்லேப்ஸ், அல்லது அசைவு தெரிந்ததும் அதற்கு முந்தைய சில விநாடிகளையும் சேர்த்துப் பதியும் வகை, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவோடு கார்டும் போய்விட்டால் சாட்சியமும் போயிற்று. சிம் போட்டு இணையத்தில் ஏற்றும் கேமராக்கள் இதற்காகத்தான் வந்தன. அவை பயன்படும், ஆனால் அளவோடு. அரை நிமிடத்தில் வயர் பிடுங்கப்பட்டால் பெரிய கோப்பு ஏறி முடியாது. அந்த நேரத்துக்குள் உங்கள் போனுக்கு எச்சரிக்கையும் ஒரு படமோ சிறு காட்சியோ வந்தால் அதுவே பெரிது. நிகழ்வுக் காட்சிகளைக் குறைந்த தரத்தில் ஏற்றும் அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கேமராவைச் சுற்றி அறுகோணச் சாவியால் இறுக்கும் பூட்டுக்கூடும் கிடைக்கிறது. அது கார்டைக் காப்பாற்றும், கண்ணாடியைக் காப்பாற்றாது. பூட்டு இருக்கிறது என்பது கண்ணாடியை உடைத்த பிறகுதான் அவனுக்குத் தெரியும்.

அதே கார்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. ஜிபிஎஸ் உள்ள கேமரா என்றால் நீங்கள் தினமும் எங்கிருந்து கிளம்புகிறீர்கள், எத்தனை மணிக்கு வீட்டில் இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். கூடவே காருக்குள் பேசியவையும். 15 மெகாபிட் வேகத்தில் பதியும் முழு எச்டி கேமரா மணிக்கு ஏறத்தாழ 6.75 ஜிபி எடுக்கும், 64 ஜிபி கார்டில் 9 மணி நேரப் பயணம் இருக்கும். தினம் ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு அது ஒரு வாரத்துக்கு மேல். அவசியமில்லை என்றால் ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள், இட முத்திரையும் தேவையா என்று யோசியுங்கள். கேட் ரிமோட்டையும் வீட்டு முகவரி உள்ள காகிதங்களையும் காரில் விடவே விடாதீர்கள்.

மற்ற தடுப்புகளில் பலன் தருபவை சிலவே. காருக்குள் எதுவும் தெரியாமல் இருப்பது முதலாவது: பை, ஜாக்கெட், சார்ஜர் வயர், சில்லறைக் காசு எதுவும். டிக்கியில் வைப்பதை இடத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே வைத்துவிடுங்கள், நிறுத்திய பிறகு டிக்கியைத் திறந்து பையை வைப்பதைப் பார்ப்பதற்கென்றே சிலர் நிற்பார்கள். பக்கக் கண்ணாடிகளுக்குத் தெளிவான பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலாம். 100 முதல் 200 மைக்ரான் தடிமன் உள்ளது, உடைந்த கண்ணாடியைச் சிறிது நேரம் சேர்த்துப் பிடிக்கும். அந்தச் சில விநாடிகளே பலரை அடுத்த காருக்கு அனுப்பிவிடும். கறுப்பு ஃபிலிமுக்குச் சட்ட வரம்பு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கதவை மட்டும் கவனிக்கும் அலாரத்தால் உடைத்துக் கைநீட்டுபவனைப் பிடிக்க முடியாது, கண்ணாடி உடையும் சத்தத்தையோ உள்ளே அசைவையோ உணரும் சென்சார் வேண்டும். போலிக் கேமரா மட்டும் வேண்டாம்: அது சாட்சியும் ஆகாது, உண்மையானது என்று நம்பி உடைப்பவனையும் நிறுத்தாது.

கேமராவின் வரிசை எண்ணைப் படமெடுத்து வையுங்கள். அடிப்பக்கத்தில் உங்கள் வண்டி எண்ணைக் கீறி வைத்தால் மறுவிற்பனை சிரமமாகும், கிடைத்தால் உங்களுடையது என்று நிரூபிக்கவும் உதவும்.

உடைத்துவிட்டார்கள், கேமரா மட்டும் தப்பியது என்றால் முதலில் வண்டியைக் கிளப்பாதீர்கள். சாவி போட்டால் கேமரா மறுபடி பதியத் தொடங்கி, பழைய காட்சிகளின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். மின்சாரத்தைத் துண்டித்து, விளக்கு அணைந்த பிறகு கார்டை எடுங்கள். அதைத் திரும்பக் கேமராவில் போடாமல் கணினியில் முழுவதையும் நகலெடுங்கள், கோப்புப் பெயரை மாற்றாமல், வெட்டாமல். போலீஸுக்குக் கொடுக்கும்போது கேமராவின் கடிகாரம் எத்தனை நிமிடம் முந்தியோ பிந்தியோ இருக்கிறது என்பதை உங்கள் போனோடு ஒப்பிட்டு எழுதிக்கொடுங்கள். தெருவில் உள்ள மற்ற கேமராக்களின் காட்சியோடு உங்களுடையதைப் பொருத்திப் பார்க்க அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது அந்த வித்தியாசம்தான்.